கிடந்தவரைப் பொய்யர் ஆக்காதீர்கள்

இந்த வாரம் திருத்த வந்த விபத்து அறிக்கையில் ஒரு வரி. அடிபட்டவர் ஆம்புலன்ஸ் வரும்வரை சாலையில் கிடந்தார் என்று சொல்ல வந்தவர், 'ஹி லைடு ஆன் தி ரோட்' என்று எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு, அந்த மனிதர் சாலையில் வைத்துப் பொய் சொன்னார் என்றுதான் பொருள். இழப்பீட்டுக்காக நிற்கிற ஆளைப் பற்றி, அவர் தரப்பிலேயே தயாரான அறிக்கையில்! ஆங்கில அறிக்கைகளைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. மற்ற பிழைகளைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இது மட்டும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது.

சிக்கலில் மூன்று வினைகள் இருக்கின்றன. 'லை' என்றால் கிட, படு. அதன் இறந்தகாலம் 'லே'. 'ஹேவ்', 'ஹேட்' சேர்ந்தால் 'லேன்'. இரண்டாவது 'லே', கிடத்து, வை என்று பொருள். அதற்கு இரண்டு இடத்திலும் 'லேய்டு'. மூன்றாவது, பொய் சொல்கிற 'லை'. அது சாதுவான வினை, 'லைடு' என்பதோடு முடிந்துவிடும். முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையின் நிகழ்காலமும் ஒரே 'லே' ஆகிப்போனதுதான் வம்பு.

அப்புறம், 'லேய்டு' என்பதை எல், ஏ, ஐ, டி என்று எழுதுங்கள். 'பே' எப்படி 'பெய்டு' ஆகிறதோ அதே எழுத்து முறை. ஒய் எழுத்தை அப்படியே விட்டு இ, டி ஒட்டாதீர்கள்.

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது ஒரு 'விதி'. மனிதருக்கு 'லை', பொருளுக்கு 'லே' என்று யாரோ எங்கோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு விதியே கிடையாது. மேசைமேல் கிடக்கும் புத்தகத்துக்கும் 'லை'தான். நோயாளி தானாகப் படுத்தால் 'லே டவுன்', செவிலியர் அவரைப் படுக்க வைத்தால் 'லேய்டு ஹிம் டவுன்'. ஆள் அதே ஆள்தான், வினை மாறிவிட்டது. கண்ணுக்கே தெரியாத விஷயத்துக்கும் இதே கணக்குதான். தவறு ஓட்டுநர் மேல் இருந்தது என்பதற்கு 'தி ஃபால்ட் லே வித் தி டிரைவர்'. தவறு என்ன மனிதரா? இல்லை. அதற்காக அதை யாரும் அங்கே கொண்டுபோய் வைக்கவுமில்லை. 'தி பிராப்ளம் லேய்டு இன் தி வயரிங்' என்ற வரியைப் பொறியாளர்கள் எழுதி அனுப்பும்போதெல்லாம் இந்த விதியைக் கண்டுபிடித்தவரைத்தான் தேடுகிறேன்.

இதில் தமிழர் குழம்புவது எனக்கு இன்னும் புரியாத ஒன்று. கிட, கிடத்து என்ற ஜோடி நம்மிடம் இருக்கிறது. தன்வினை, பிறவினை என்று பள்ளியிலேயே படித்தாயிற்று. "குழந்தை தொட்டிலில் கிடத்தியது" என்று நம்மில் ஒருவரும் எழுதமாட்டோம். ஆங்கிலத்திலும் இது அப்படிப்பட்ட ஜோடிதான், பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே. எழுவதற்கு 'ரைஸ்', எழுப்புவதற்கு 'ரெய்ஸ்'. விழுவதற்கு 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு 'ஃபெல்'. 'ஃபால்' என்பதன் இறந்தகாலமும் 'ஃபெல்'தான் என்பதைக் கவனித்தீர்களா? அங்கேயும் இதே ஒட்டுதான். மரம் வெட்டும் அறிக்கைகள் என்னிடம் அதிகம் வராததால் தப்பித்தேன்.

ஆகவே எழுதும் முன் "எதை?" அல்லது "யாரை?" என்று கேளுங்கள். கோழி எதை இட்டது? முட்டையை. 'லேய்டு'. கொத்தனார் எதை அடுக்கினார்? செங்கல்லை. 'லேய்டு'. கயிறு தரையில் கிடந்தது. எதை என்று கேட்டால் பதில் இல்லை. 'லே'.

இந்தக் கேள்வி ஓர் இடத்தில் காலைவாரும். 'தி பாடி வாஸ் லேய்டு ஆன் தி ஸ்ட்ரெச்சர்' என்பது சரியான வாக்கியம். எதை என்பதற்குப் பதிலாக வரவேண்டிய உடல், செயப்பாட்டு வினையில் எழுவாயாக முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கே "யாராவது வைத்தார்களா?" என்று கேளுங்கள். வைத்தார்கள் என்றால் 'வாஸ் லேய்டு'. சும்மா கிடந்தது என்றால் 'வாஸ் லையிங்'. காவல், மருத்துவ அறிக்கைகளில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. உடல் அங்கே கிடந்ததா, யாரோ கொண்டுவந்து கிடத்தினார்களா என்பது முழு விசாரணையையே திருப்பிவிடக்கூடிய கேள்வி.

'லேன்' எழுதக் கூச்சமாக இருக்கிறதா? பரவாயில்லை, ஆங்கிலேயர்களே அதைப் பேச்சில் அதிகம் தொடுவதில்லை. கோப்பு மூன்று வாரமாகக் கிடக்கிறது என்பதற்கு 'ஹேஸ் பீன் லையிங்' என்று எழுதிவிட்டுப் போங்கள். கூச்சப்பட்டு 'ஹேஸ் லேய்டு' மட்டும் வேண்டாம். 'டிட்' வந்த பிறகு இறந்தகால வடிவத்தைத் தொடாதீர்கள் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை என நினைக்கிறேன்.

"வெள்ளைக்காரர்களே மாற்றிப் பேசுகிறார்களே?" என்பார்கள். பேசுகிறார்கள்தான், பல நூற்றாண்டுகளாக. நண்பரிடம் பேசும்போது நீங்களும் தாராளமாகப் பேசுங்கள், யாரும் பிடிக்க வரமாட்டார்கள். கையெழுத்திட்டு அனுப்பும் தாளுக்கு அந்தச் சலுகை இல்லை.

மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்காதீர்கள். 'ஹி லைடு ஆன் தி ரோட்' இலக்கணப்படி பிழையே இல்லாத வாக்கியம்; சிவப்புக் கோடு எதற்கு வரப்போகிறது? அனுப்பும் முன் தேடல் பெட்டியில் 'லைடு', 'லேய்டு' இரண்டையும் போட்டு, கிடைக்கும் வரிகளை மட்டுமாவது படித்துப் பாருங்கள். குறிப்பாக அடிபட்டவர், நோயாளி, சாட்சி இவர்களின் பெயரை அடுத்து 'லைடு' நின்றால், தயவுசெய்து அந்த இடத்தில் நிறுத்தி, அவர் பொய் சொன்னார் என்பதைத்தான் எழுத நினைத்தீர்களா என்று பாருங்கள்.