காக்கை உட்கார்ந்ததும் ஜிமாட் கேள்வியும்

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, நான்கு வருட அனுபவம், வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஆசை. கையில் தடித்த நோட்டு ஒன்று. எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமாட் தேர்வுக்காக ஆறு மாதத்தில் 1,800 வெர்பல் (ஆங்கில மொழிப் பகுதி) கேள்விகள் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக், இல்லை ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல், பிழையான ஆங்கில வாக்கியத்தைத் திருத்தச் சொல்லும் சென்டென்ஸ் கரெக்‌ஷன்.

"தம்பி, இந்தப் பகுதியே இப்போது தேர்வில் இல்லையே" என்றேன். முகம் விழுந்துவிட்டது. சீனியர் கொடுத்த புத்தகமாம். மாதிரித் தேர்வும் அதிலேயே இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

பழைய ஜிமாட் 2024 ஜனவரி 31-ஓடு முடிந்துபோனது. இப்போது நடப்பது 2023 நவம்பரில் வந்த புதிய வடிவம். வெர்பலில் 23 கேள்விகள், 45 நிமிடம். பத்தி படித்து விடை சொல்வதும், கிரிட்டிக்கல் ரீசனிங் என்கிற தர்க்கக் கேள்விகளும் மட்டுமே. இலக்கணத் திருத்தம் போய்விட்டது. மதிப்பெண் 205-இல் தொடங்கி 805 வரை போகும். உங்கள் புத்தகம் 800-ஐ உச்சம் என்று சொன்னால் அது பழசு. தேர்வை நடத்தும் அமைப்பே இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. எதையும் காசு கொடுத்து வாங்கும் முன் அதில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சரி, இலக்கணம் போட்ட நேரமெல்லாம் வீணா? முழுக்க இல்லை. தமிழில் யோசிக்கிறவர்கள் ஆங்கில வாக்கியத்தில் எங்கே வழுக்குகிறார்கள் என்பதை அந்தக் கேள்விகளில்தான் நான் முதலில் கண்டுகொண்டேன். அதே வழுக்கல் தர்க்கக் கேள்வியிலும் வருகிறது.

'பெட்டிகளில் இருக்கும் மாம்பழங்களின் விலை ஏறியிருக்கிறது.' இதில் எழுவாய் 'விலை'. வினைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அடைமொழியெல்லாம் முன்னால் போய்விட்டது. ஆங்கிலத்தில் 'பிரைஸ்' முதலில் வந்துவிடும். அப்புறம் மாம்பழங்கள், பெட்டிகள், கடைசியில் வினை. வினைக்குப் பக்கத்துச் சொல்லையே எழுவாயாக எடுத்துப் பழகிய நமக்கு 'பாக்சஸ் ஹாவ்' காதுக்குச் சரியாகத்தான் கேட்கும்; 'பிரைஸ்' ஒருமை என்பதால் வரவேண்டியது 'ஹாஸ்'. தர்க்கக் கேள்வியில் இதற்கு விலை அதிகம். 'விபத்துகளின் எண்ணிக்கை', 'விபத்துகளின் விகிதம்' இரண்டும் ஆங்கிலத்தில் முதல் சொல்லில்தான் வேறுபடும். படித்து முடிக்கும்போது விபத்து மட்டும் மனதில் நிற்கும். எண்ணிக்கையா விகிதமா என்பது கழன்று போயிருக்கும். எண்ணிக்கை ஏறும்போதே விகிதம் இறங்கலாம் என்பதை வைத்துப் பின்னப்பட்ட கேள்விகள் எத்தனையோ.

இதைவிடப் பெரிய வழுக்கல் ஒன்று உண்டு. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோம். பெய்த பிறகு நிறைந்ததா, பெய்ததால் நிறைந்ததா? 'பெய்து' என்ற எச்சம் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பேச்சுக்கு இது வசதி, தேர்வுக்கு ஆபத்து.

அன்றைக்கு அந்தத் தம்பிக்கு நான் கொடுத்த கேள்வி இது: ஒரு நிறுவனம் ஜனவரியில் ஊழியர்களுக்கு இலவச மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தது. மார்ச்சுக்குள் வேலையை விடுகிறவர்கள் குறைந்தார்கள். ஆகவே சாப்பாடு ஊழியர்களைத் தக்கவைக்கிறது. இந்த வாதத்தை எது பலவீனமாக்கும்?

ஊழியர்களில் சிலருக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை என்ற விடையை எடுத்தார். சாப்பாடுதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டு, அதன் ருசியைப் பற்றி யோசித்திருக்கிறார். சரியான விடை வேறு: பிப்ரவரியில் அதே துறையின் மற்ற நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன. போக இடமில்லை, அதனால் போகவில்லை. "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை சார்" என்றார், சிரித்துக்கொண்டே. அதேதான். அந்தப் பழமொழியை நோட்டில் எழுதச் சொன்னேன்.

தமிழ் நம்மைக் கவிழ்க்க மட்டும் செய்வதில்லை. 'இஃப்', 'ஒன்லி இஃப்' இரண்டையும் ஆங்கிலத்தில் குழப்பிக்கொள்கிறவர்கள், 'தான்' போட்டால் தெளிந்துவிடுகிறார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்களை வேட்டி கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். சரி, வேட்டி கட்டிக்கொண்டு நடை சாத்தியபின் போய் நின்றால்? விடமாட்டார்கள். வேட்டி தேவை, ஆனால் அது மட்டும் போதாது. இதுதான் 'ஒன்லி இஃப்'. 'கட்டினால் விடுவார்கள்' என்பது வேறு வாக்கியம், அது வெறும் 'இஃப்'. ஆங்கில வாக்கியத்தில் நிபந்தனை வந்ததும் மனதுக்குள் 'ஆல்' வருகிறதா 'ஆல்தான்' வருகிறதா என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு விநாடிகூட ஆகாது.

நானும் ஒரு காலத்தில் தினம் ஐம்பது கேள்வி என்று விரட்டிய ஆள்தான். அப்போது வேலை பார்த்த பயிற்சி மையத்தில் எண்ணிக்கையைச் சுவரில் எழுதிப் போடுவோம். பிள்ளைகள் வேகமானார்கள். தவறும் வேகமாகச் செய்தார்கள். இப்போது நாளுக்குப் பத்துக் கேள்விக்கு மேல் கொடுப்பதில்லை. தவறிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி தமிழில் எழுத வேண்டும். விடைக்குறிப்பில் இருப்பதைப் பெயர்த்து எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தான் எடுத்த தவறான விடை தனக்கு ஏன் சரியாகப் பட்டது என்பதை எழுத வேண்டும். மூன்று வாரத்தில் அந்த வரிகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரத் தொடங்கும். எல்லாரும் எல்லா வகையிலும் தவறுவதில்லை. ஒருவருக்கு இரண்டு மூன்று வழுக்கல்தான்.

நேரக் கணக்கு அப்புறம் பார்க்கலாம். முதல் மாதம் கடிகாரமே வேண்டாம். கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே கிடைக்கும் என்பது உண்மை. ஒரு பகுதியில் மூன்று விடைகள் வரை திரும்பிப் போய் மாற்றலாம் என்பதும் உண்மை. இரண்டுக்கும் கடைசி மாதத்தில் பழகினால் போதும்.

கிளம்பும்போது தம்பி, "இந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடவா?" என்று கேட்டார். அவருடைய அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான எஸ்ஏடி தேர்வு எழுதப் போகிறாள் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். எஸ்ஏடியின் வாசிப்பு-எழுத்துப் பகுதியில் 54 கேள்விகள். அதில் 11 முதல் 15 வரை இன்னமும் இலக்கணம். புத்தகத்தை அவளிடம் கொடுக்கச் சொன்னேன், மாம்பழப் பெட்டி வாக்கியத்தையும் சேர்த்து.