சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரியைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

இந்த வாரத்தில் என் சர்வீஸ் மேசைக்கு வந்த ஐந்தாவது லேப்டாப் இது. ஐந்து பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “விண்டோஸ் 11-க்கு மாறியதிலிருந்து பேட்டரி போய்விட்டது.” நான்கு பேருக்குப் பொறுமையாக விளக்கினேன். ஐந்தாவதாக வந்த தம்பியின் கையில் லேப்டாப்போடு ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தது. அதற்குள் கழற்றிய பழைய பேட்டரி. அதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் கோவையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறார். விண்டோஸை மாற்றிய மறுநாளிலிருந்து, ஐந்து மணி நேரம் நின்ற சார்ஜ் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்திருக்கிறது. விடுதியில் யாரோ “பேட்டரி செத்துவிட்டது” என்று சொல்ல, 1,600 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். அதிலும் அதே இரண்டு மணி நேரம். “இதுவும் டூப்ளிகேட் போலிருக்கிறது அண்ணா, ஒரிஜினல் வாங்கித் தர முடியுமா?” என்று கேட்டார்.

பழைய பேட்டரியை மறுபடியும் மாட்டி, பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். புதிதாக இருந்தபோது அதன் கொள்ளளவு 41,040 மில்லி வாட்-அவர். இப்போது 36,900. மூன்றரை வருடம் உழைத்தும் பத்தில் ஒரு பங்கைத்தான் இழந்திருக்கிறது. என் மேசைக்கு வரும் பேட்டரிகளில் இவ்வளவு திடமாக இருப்பவை குறைவு. அதைத்தான் குப்பைக்கு அனுப்பத் தயாராக இருந்தார்.

கோளாறு எங்கே இருந்தது என்பது அவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் தெரிந்தது. “விண்டோஸ் மாற்றியதிலிருந்து திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டனும் வேலை செய்யவில்லை அண்ணா.” லேப்டாப்பின் உறுப்புகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தது. பொருத்தமான டிரைவர் (அந்தச் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இல்லாதபோது திரை இருண்டுவிடாமல் இருக்க விண்டோஸ் போட்டுக்கொள்ளும் தற்காலிக டிரைவர் அது. வெளிச்சத்தைக் குறைக்க அதற்குத் தெரியாது. வீடியோவை கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கவும் தெரியாது. பிராசஸர் ஒன்றே முழுச் சுமையையும் இழுக்கும். இரண்டு வாரமாக அந்த லேப்டாப் முழு வெளிச்சத்தில், விசிறி இரைய, வகுப்பு வீடியோக்களை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அந்த மாடலுக்கு உரிய டிரைவரை இறக்கிப் போட்டேன். இருபது நிமிட வேலை. மறுநாள் மாலை அவரே அழைத்துச் சொன்னார்: நாலே முக்கால் மணி நேரம் நின்றதாம். 1,600 ரூபாய் போனது போனதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரே இரவில் உங்கள் பேட்டரியின் கொள்ளளவைக் குறைக்கும் சக்தி எந்த விண்டோஸுக்கும் கிடையாது. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சீக்கிரம் தீர்ந்தால் காரணம் இரண்டில் ஒன்று. தொட்டி சிறுத்திருக்க வேண்டும், அல்லது கீழே ஏதோ ஒரு குழாய் திறந்து கிடக்க வேண்டும். பேட்டரிதான் தொட்டி. விண்டோஸும் அதில் ஓடுகிற புரோகிராம்களும் திரையும் குழாய்கள். குழாய் ஒழுகினால் யாராவது தொட்டியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்களா? லேப்டாப்புக்கு மட்டும் அதைத்தான் செய்கிறார்கள்.

கணக்காகவே பாருங்கள். 36 வாட்-அவர் கொள்ளளவு உள்ள பேட்டரியில், லேப்டாப் மணிக்கு 7 வாட்-அவர் எடுத்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரும். 18 எடுத்தால் இரண்டே மணி நேரம். பேட்டரி அதேதான். தொடர்ந்து அதிகமாக இழுத்து, சூடேறி, தினம் இரண்டு முறை சார்ஜ் ஏற்றினால் மாதக்கணக்கில் பேட்டரியும் தேயும் என்பது உண்மை. ஆனால் மேம்படுத்திய மறுநாளே தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு ஏன் இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் இது நடக்கிறது? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதையொட்டிப் பலரும் மாறினார்கள். அப்படி மாறியவர்களின் லேப்டாப்கள் பல, ஊரடங்குக் காலத்தில் வாங்கியவை. வீட்டு மேசையில் வைத்து, சார்ஜரைப் பிடுங்காமல், வருடக்கணக்கில் நூறு சதவீதத்திலேயே ஓட்டியவை. லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது. அது எப்போதோ தேய்ந்துவிட்டது. சார்ஜரைக் கழற்றாததால் யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸ் மாற்றிய பிறகு பேட்டரியில் ஓட்டிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஆகவே முதலில் தொட்டியை அளந்துவிடுங்கள். கட்டளைகளைத் தட்டுவதற்கான கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, ‘powercfg /batteryreport’ என்ற கட்டளையைத் தட்டுங்கள். பிரவுசரில் திறக்கக்கூடிய ஒரு கோப்பு உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் திரையிலேயே காட்டும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’ என்பது பிறந்தபோது இருந்த அளவு, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்பது இன்றைய அளவு. இன்றைய அளவு பாதியாகக் குறைந்திருந்தால் புதுப் பேட்டரி வாங்குங்கள், நானே மாட்டித் தருகிறேன். எண்பது, தொண்ணூறு சதவீதம் இருந்தால் பேட்டரியின் மேல் கை வைக்காதீர்கள். மலிவான போலி பேட்டரிகளை மட்டும் இந்த அறிக்கையை வைத்து எடைபோடாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் சிப் சொல்வதைத்தான் அது காட்டும், போலிகளின் சிப் பொய் சொல்லும்.

தொட்டி சரி என்று தெரிந்துவிட்டால் குழாய்களைப் பாருங்கள். பெரிய மேம்படுத்தலுக்குப் பிந்தைய முதல் சில நாள்களில் விண்டோஸ் பின்னணியில் நிறைய வேலை செய்யும். தேடலுக்காக எல்லாக் கோப்புகளையும் மறுபடி பட்டியலிடும், வைரஸ் சோதனை செய்யும், டிரைவர்களையும் அப்டேட்களையும் இறக்கும். அந்த நாள்களில் சார்ஜ் குறைவது இயல்பு. ஓரிரு இரவுகள் சார்ஜரில் போட்டு, இணைய இணைப்போடு அதன் வேலையை முடிக்க விடுங்கள். இரண்டாம் நாளே கடைக்கு ஓடிவராதீர்கள்.

ஒரு வாரம் கழிந்தும் சார்ஜ் சீக்கிரம் தீர்வது நிற்கவில்லை என்றால் செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதிக்குப் போங்கள். எந்தப் புரோகிராம் எவ்வளவு எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். அங்கேயே பவர் மோட் எதில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அதிக வேகத்தில் இருந்தால் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சப் பட்டன், டச்பேட் சைகைகள், விசிறியின் இரைச்சல் ஆகியவற்றில் எது மாறியிருந்தாலும் டிரைவரைச் சந்தேகியுங்கள். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் அதை மறக்காமல் சொல்லுங்கள். “சார்ஜ் நிற்கவில்லை” என்பதைவிட, “பட்டன் வேலை செய்யவில்லை” என்பது எங்களுக்கு நூறு மடங்கு உதவும்.

மூடிவைத்த லேப்டாப் காலையில் காலியாக இருக்கிறது என்பது தனிப் புகார். இப்போதைய பல லேப்டாப்கள் மூடியை மூடினாலும் முழுதாகத் தூங்குவதில்லை; ஃபோனைப் போல அரைத்தூக்கத்தில் இணையத்தோடு தொடர்பில் இருக்கும். பைக்குள் வைத்தால் சூடும் ஏறும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியை மூடும்போது ‘ஹைபர்நேட்’ (திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி மாற்றிவிடுங்கள். பஸ்ஸில் தினம் இரண்டு மணி நேரம் பயணம் செய்கிறவர்கள் இன்றே செய்யுங்கள்.

பேட்டரியைப் ‘பழக்க’ வேண்டும் என்று தினமும் பூஜ்யம் வரை இறக்குகிறவர்களும் வருகிறார்கள். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். எப்போதும் சார்ஜரில்தான் வேலை என்றால், எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் செயலியிலோ, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸிலோ தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தகுதியில்லாத பழைய லேப்டாப்பில் யாரிடமோ பென்டிரைவ் வாங்கி விண்டோஸ் 11-ஐத் திணிக்காதீர்கள். அவற்றுக்குப் பொருத்தமான டிரைவர்களை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிட்டிருக்காது. அங்கே சார்ஜ் குறைந்தால் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. தெரியாமல் மாற்றிவிட்டீர்கள் என்றால், பழைய விண்டோஸை அழிக்காமல் அதன் மேலேயே மேம்படுத்தியிருந்தால் மட்டும், 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதி வழியாகவே பழையதற்குத் திரும்பலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போன மாதம் டி.டி.பி. வேலை செய்யும் ஓர் அம்மா வந்தார். விண்டோஸ் மாற்றிய பிறகு சார்ஜ் குறைகிறது என்று மலிவு விலை பேட்டரி போட்டிருக்கிறார். நான்கு மாதத்தில் டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. தூசி என்று நினைத்து, அழுத்தி அழுத்தி வேலை செய்திருக்கிறார். அடிமூடியைத் திறந்தேன். பேட்டரி தலையணைபோல உப்பியிருந்தது, மூடியின் திருகு ஒன்று அதன் மேலுறையில் பள்ளம் போட்டிருந்தது. அந்த உறை கிழிந்திருந்தால் அவர் மேசையிலேயே தீப்பிடித்திருக்கக்கூடும்.

டச்பேட் உயர்ந்தாலோ, அடிமூடி பிளந்துகொண்டு நின்றாலோ, லேப்டாப் மேசையில் ஆடினாலோ சார்ஜரை உடனே பிடுங்கி, அணைத்துவிடுங்கள். அழுத்தாதீர்கள், குத்திக் காற்றை இறக்கப் பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். துணி, காகிதம் இல்லாத இடத்தில் வைத்து, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியை மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.