நாற்றம் மீத்தேனுடையது அல்ல, அந்தச் சேற்றை உலரவிடாதீர்கள்

அலையாத்திக் காட்டை அழித்து இறால் குட்டை வெட்டுவதற்கான அறிக்கைகளில் ஒரே பல்லவி மீண்டும் மீண்டும் வருகிறது: வெட்டும் மரம் ஒன்றுக்கு மூன்று கன்று வேறிடத்தில் நடுவோம், கார்பன் கணக்கு நேராகிவிடும். மரத்தை எண்ணுகிறார்கள், மண்ணை எண்ணுவதில்லை. கேட்டால், "அந்தச் சேறு எப்படியும் மீத்தேன்தானே விடுகிறது, நாற்றமே சொல்கிறதே" என்கிறார்கள்.

மீத்தேனுக்கு மணமே கிடையாது. அந்த அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. கடல்நீரில் சல்பேட் ஏராளம். பிராணவாயு புகாத சேற்றில் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்கின்றன. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி அதிகம் மிஞ்சுவதில்லை. ஆகவே அந்த வாடை மீத்தேனுக்குச் சாட்சி அல்ல. ஆற்றுநீர் மிகுந்து உப்பு குறையும் இடங்களில் மீத்தேன் கூடும், உண்மைதான். அதையும் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2013 ஈரநில வழிகாட்டி, உப்பளவு 18 பிபிடிக்கு (ஆயிரத்தில் 18 பங்கு) மேலிருந்தால் மீத்தேனைச் சுழியமாகக் கொள்ளச் சொல்கிறது. அதற்குக் கீழே ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 193.7 கிலோ. கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு வெப்பத்திறன் என்று பெருக்கினால் 5.4 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதே சேற்றின் நீரை வடித்தால்? அதே வழிகாட்டியில் ஆண்டுக்கு 7.9 டன் கார்பன், அதாவது 29 டன் கார்பன் டை ஆக்சைடு. மீத்தேனைக் காட்டிச் சேற்றை உலர்த்தச் சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

தோண்டினால் இன்னும் மோசம். கரிமம் குறைந்த கனிம வகை மண்ணுக்கே முதல் ஒரு மீட்டரில் ஹெக்டேருக்கு 286 டன் கார்பன் என்பது அந்த வழிகாட்டியின் பொது மதிப்பு. 3.67 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,050 டன் கார்பன் டை ஆக்சைடு. நூற்றாண்டுகளாகப் படிந்தது அது, கன்று நட்டுச் சில ஆண்டுகளில் ஈடுகட்ட முடியாது. சேற்றிலுள்ள இரும்பு சல்பைடும் காற்றுப் பட்டு அமிலமாகும். பிஎச் 4-க்குக் கீழே போகக்கூடும், இறால் தாங்காது. பிறகு அமிலத்தை முறிக்க மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புக்கல் தூள். அமிலத்தோடு சேரும்போது அதுவும் கார்பன் டை ஆக்சைடை விடும். தீவனக் கழிவிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு தனி.

அளக்கிறவர்களுக்கு: மேல் 15 செ.மீ. மட்டும் எடுத்துவிட்டு 'மண் கார்பன்' என்று எழுதாதீர்கள். குறைந்தது ஒரு மீட்டர் வேண்டும்: 0–15, 15–30, 30–50, 50–100 செ.மீ. சம்மட்டியால் அடித்து இறக்கும் குழாய் சேற்றை நசுக்கி அடர்த்தியைக் கூட்டிக் காட்டும்; பக்கம் திறந்த துளைக்கருவி நல்லது. 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். கிளிஞ்சல் துகள்களை அமிலத்தால் நீக்காவிட்டால் அதிலுள்ள கார்பனும் மண்ணின் கரிமக் கார்பனாகக் கணக்கில் ஏறிவிடும். எடுத்துக்காட்டாக, அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம், ஆழம் 100 செ.மீ., கார்பன் 2 சதவீதம்: மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு 160 டன். வாயு அளக்கும் பெட்டியை மூச்சு வேர் இல்லாத வெறும் இடம் தேடி வைப்பதும் தவறு. அந்த வேர்கள் வழியாகத்தான் வாயு கணிசமாக மேலேறுகிறது.

பிச்சாவரத்தில் முன்பு காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்த இடங்களில் மண் காய்ந்து அமிழ்ந்து தொட்டிபோலக் குழிந்தது. ஏறிய நீர் வடியாமல் உப்பேறி, கன்று பிழைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி கடலின் ஏற்றவற்ற நீரை உள்ளே விட்ட பிறகே அங்கே காடு திரும்பியது. ஆகவே கன்று வாங்கும் முன் நீரோட்டத்தைப் பாருங்கள். சாலை போட்டே தீரவேண்டுமென்றால் அதன் அடியில் நீர் போக வைக்கும் குழாயின் அடிமட்டம் ஓடையின் அடிமட்டத்தில் இருக்கட்டும். உயர்த்தி வைத்தால் வற்றத்தில் நீர் வடியாது. தயவுசெய்து, தூர் வாரும் சேற்றைக் கரையில் குவித்துக் காயவிடாதீர்கள். ஏற்றத்தில் நனையும் உயரத்துக்கு, மூச்சு வேர்களை மூடாமல், மெல்லப் பரப்பிவிடுங்கள்.