நீங்கள் சொன்னதைத்தான் கம்பைலர் நம்புகிறது

சி மொழியில் வருஷக்கணக்காக எழுதுகிறவர்களிடம்கூட ஒரு நினைப்பு ஆழமாக ஊறிக் கிடக்கிறது: நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை, கம்பைலர் அதை வரிக்கு வரி பிராசஸருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிறது, அவ்வளவுதான் என்று. ஹார்டுவேருக்கு இவ்வளவு நெருக்கமான மொழியில் நடுவில் வேறு யாரும் உட்கார்ந்து யோசிக்கப் போவதில்லை என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கம்பைலர் யோசிக்கிறது, அதுவும் கணிதத் தர்க்கத்தின் விதிகளைக் கறாராகப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறது.

2009-ல் லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் பிடிபட்ட ஓட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபங்ஷனில், ஒரு பாயின்டர் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) காட்டும் இடத்துக்குப் போய் அங்கிருக்கும் மதிப்பை எடுக்கும் வரி முதலில் வருகிறது. அதற்குக் கீழேதான் அந்தப் பாயின்டர் எந்த இடத்தையும் காட்டாத வெற்றுப் பாயின்டரா என்ற சோதனை இருக்கிறது. எழுதியவர் சோதனையை மறக்கவில்லை, வரிசைதான் மாறிப்போயிற்று. ஜிசிசி கம்பைலர் இதை எப்படிப் படித்தது என்றால்: வெற்றுப் பாயின்டரைத் தொடுவது சி மொழியின் விதிப்படி நடக்கவே கூடாத காரியம், இவர் தொட்டிருக்கிறார், ஆகவே இது வெற்றுப் பாயின்டர் இல்லை, ஆகவே கீழே இருக்கும் சோதனை எப்போதுமே பொய், எப்போதும் பொய்யாக இருக்கப்போகிற ஒன்றுக்கு மெஷின் கோட் எதற்கு? தூக்கிவிட்டது. நெருப்பில்லாமல் புகையாது என்று நாம் ஊகிக்கிறோமே, அதே ஊகம்தான். அன்றைக்கு லினக்ஸில் சில சூழ்நிலைகளில் சாதாரண நிரல் ஒன்றே வெற்றுப் பாயின்டர் குறிக்கும் பூஜ்ய முகவரியில் தன் தரவைக் கொண்டுபோய் வைக்க முடிந்ததால், அந்தச் சோதனை காணாமல்போனது ரூட் அதிகாரத்தை, அதாவது மெஷினின் முழுக் கட்டுப்பாட்டை, கைப்பற்றும் வரை கொண்டுபோய் விட்டது. அதன் பிறகு, இந்த மாதிரிச் சோதனைகளை நீக்காதே என்று ஜிசிசிக்குத் தனியாக ஒரு ஆப்ஷன் கொடுத்துத்தான் கெர்னலை கம்பைல் செய்கிறார்கள்.

இதில் ஜிசிசியின் தர்க்கம் தப்பு என்று யாராலும் காட்ட முடியாது. கல்லூரியில் உண்மை அட்டவணை படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும்: 'அ என்றால் இ' என்ற கூற்றில் அ பொய்யாக இருந்தால், இ என்னவாக இருந்தாலும் மொத்தக் கூற்று உண்மை. முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் இது ஒட்டாது, பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவோம். கம்பைலர் நமக்குத் தரும் உத்தரவாதம் முழுக்க இந்த வடிவத்தில்தான் இருக்கிறது: 'உங்கள் நிரல் மொழியின் விதிகளை எங்கும் மீறவில்லை என்றால், நான் தரும் மெஷின் கோட் அதன் பொருளை அப்படியே காப்பாற்றும்.' விதியை மீறினால் முற்பகுதி பொய். அப்புறம் எந்தக் குப்பை வெளியே வந்தாலும் உத்தரவாதம் மீறப்படவில்லை. சி தரநிலை இதை வரையறுக்கப்படாத நடத்தை என்கிறது. தர்க்கம் படித்தவர்கள் முரண்பாட்டிலிருந்து எதையும் நிறுவலாம் என்பார்கள். இரண்டும் ஒன்றேதான் என்பது புரிந்தால் சி மொழியோடு போடும் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். குறியுள்ள (மைனஸாகவும் இருக்கக்கூடிய) ஒரு முழு எண் தனக்கான இடத்தில் கொள்ளாமல் நிரம்பி வழிகிறதா என்று பார்க்க 'எண்ணோடு 1 கூட்டினால் அது பழைய எண்ணைவிடச் சிறிதாகிறதா' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வகை எண் நிரம்பி வழிவதே விதிமீறல், ஆகவே அது வழியாது, ஆகவே வேகத்துக்காகக் கோடைச் சுருக்கும் ஆப்டிமைசேஷனைப் போட்டதும் அந்தச் சோதனையும் காலி. கூட்டுவதற்கு முன்னாலேயே, எண் உச்சவரம்பைத் தொட்டுவிட்டதா என்று கேட்க வேண்டும்.

பெங்களூரில் பீன்யா பக்கம் மீட்டர், மோட்டார் கன்ட்ரோலர் என்று போர்டு செய்யும் சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய. நான் இருப்பதும் அப்படி ஓர் இடத்தில்தான், ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் நிரல்) எழுதும் மேசைகளில் பாதி ஓசூர், சேலம், கோவில்பட்டித் தமிழ். கோவில்பட்டித் தம்பி ஒருவன் ஒருநாள் வந்து நின்றான். "அண்ணே, டீபக் பில்டுல ஓடுது. ரிலீஸ் போட்டா அப்படியே தொங்கிருது. கம்பைலர்ல பக் இருக்கும்போல." (டீபக் என்பது ஆப்டிமைசேஷன் இல்லாமல் சோதித்துப் பார்க்க, ரிலீஸ் என்பது ஆப்டிமைசேஷனோடு வெளியே அனுப்ப.) போய்ப் பார்த்தால் ஒரு சின்ன லூப். தரவு வந்துவிட்டது என்று இன்டர்ரப்ட் ஹேண்ட்லர் (ஹார்டுவேர் சைகை தந்ததும் தானாக ஓடும் ஃபங்ஷன், சுருக்கமாக ஐஎஸ்ஆர்) ஒரு ஃபிளாகை 1 ஆக்கும், அது 1 ஆகும்வரை மெயின் நிரல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும்.

"இந்த லூப்புக்குள்ள ஃபிளாகை மாத்துற வரி எங்க இருக்கு?"

"இதுக்குள்ள இல்லண்ணே, ஐஎஸ்ஆர்ல இருக்கு."

"ஐஎஸ்ஆரை உன் கோட்ல எங்கயாவது கூப்பிடுறியா?"

"இல்ல, ஹார்டுவேர்தான..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். புரிந்துவிட்டது.

கம்பைலர் தந்த மெஷின் கோடைப் படிக்கிற வடிவில் காட்டும் டிஸ்அசெம்பிளியைத் திறந்தோம். ரிலீஸ் பில்டில் ஃபிளாகை ஒரே ஒரு முறை பிராசஸருக்குள் இருக்கும் ரெஜிஸ்டருக்கு ஏற்றுகிறது, பூஜ்யமா என்று பார்க்கிறது, பூஜ்யம் என்றால் தன் மேலேயே குதிக்கும் ஒரு பிரான்ச், அதாவது முடிவில்லாத சுற்று. கம்பைலரின் பக்கம் நியாயம் தெளிவு: இந்த லூப்பில் ஃபிளாகை யாரும் தொடுவதில்லை, தொடாத ஒன்று மாறாது, மாறாத ஒன்றை ஏன் மறுபடி மறுபடி மெமரியில் போய்ப் படிக்க வேண்டும்? ஃபிளாகை அறிவிக்கும் இடத்தில் வோலடைல் என்று சேர்த்ததும் ஓடியது. வோலடைல் என்பது 'எனக்குத் தெரியாத ஆள் ஒருவர் இதை மாற்றலாம்' என்று கம்பைலரின் நம்பிக்கைப் பட்டியலில் நாம் சேர்க்கும் ஒரு கூற்று. (ஒன்றுக்கு மேற்பட்ட கோர் இருக்கும் சிப்பில் இது போதாது, அங்கே ஒரு கோர் எழுதுவதை இன்னொன்று ஒழுங்காகப் பார்க்கவைக்கும் அட்டாமிக் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதிய கோட் இந்த ஊரில் எவ்வளவோ ஓடிக்கொண்டிருக்கிறது, அது எனக்கு உண்மையிலேயே கவலை.)

சரி, இதெல்லாம் கம்பைலரின் கதை. அதற்குக் கீழே, பிட் மட்டத்தில், தர்க்கம் இன்னும் பச்சையாகவே கிடக்கிறது. ஜார்ஜ் பூல் 1854-ல் உண்மை, பொய் இரண்டையும் 1, 0 என்று வைத்து இயற்கணிதம் செய்துகாட்டினார். அதே காலத்தில் அதே துறையில் வேலை செய்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது 1806-ல் நம் மதுரையில். கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 'இரண்டும் உண்மை என்பது பொய்யானால், ஏதாவது ஒன்றாவது பொய்' என்ற அவர் பெயரிலான விதியைத்தான் இஃப் கண்டிஷனைத் திருப்பிப்போடும்போதெல்லாம் பயன்படுத்துகிறோம். 1937-ல் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில், ரிலே சுவிட்சுகளை இணைப்பதும் பூலின் இயற்கணிதமும் ஒரே விஷயம் என்று காட்டினார். அங்கிருந்து சிப் வரை வந்துவிட்டோம்.

இந்தத் தொடர்பைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 13, 11 என்ற இரண்டு எண்களை பைனரியில் எழுதுங்கள்: 1101, 1011. எந்த இடங்களில் இரண்டும் வேறுபடுகின்றன என்று பார்த்தால் 0110, அதாவது 6, இதுதான் எக்ஸார். எந்த இடங்களில் இரண்டிலும் 1 இருக்கிறது என்று பார்த்தால் 1001, அதாவது 9, இதுதான் ஆண்ட். எக்ஸார் என்பது கையில் மிச்சத்தை மறந்துவிட்டுக் கூட்டியது, ஆண்ட் என்பது அந்த மிச்சம் மட்டும். மிச்சம் ஓர் இடம் இடப்பக்கம் தள்ளிப் போய்ச் சேருமாகையால் இரட்டிப்பு: 6 + 2 × 9 = 24. கூட்டல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு தர்க்கச் செயல்களும் ஒரு நகர்த்தலும்தான், பிராசஸருக்குள் இருக்கும் ஆடர் சர்க்யூட்டுக்கும் இதுதான் அடிப்படை. இதையே பாதியாக்கினால் 9 + 3 = 12; இரண்டு எண்களின் சராசரி, மொத்தத்தைக் கூட்டாமலேயே வந்துவிட்டது.

கூட்டாமல் சராசரி எதற்கு என்று கேட்கலாம். வரிசைப்படுத்திய பட்டியலில் தேடும் பைனரி தேடல் எல்லோரும் படித்தது: கீழ் எல்லை, மேல் எல்லை, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து நடு இடம். ஜான் பென்ட்லி இதைத் தன் புத்தகத்தில் சரியென்று நிறுவியே காட்டியிருந்தார். 2006-ல் ஜோஷுவா பிளாக், அதிலும், தானே ஜாவா நூலகத்துக்கு எழுதிக் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் ஓடிக்கொண்டிருந்த நிரலிலும் ஒரே பிழை இருப்பதை வெளியே சொன்னார். 32 பிட் குறியுள்ள எண்ணின் உச்சம் 2147483647. கீழ் எல்லை 150 கோடி, மேல் எல்லை 160 கோடி என்று வையுங்கள்: கூட்டினால் 310 கோடி, அதற்கு இடம் இல்லை, ஜாவாவில் அது சுற்றி வந்து −1194967296 ஆகிறது, பாதியாக்கினால் −597483648. மைனஸ் அறுபது கோடிக்குப் பக்கத்தில் எந்தப் பட்டியலிலும் நடு இடம் கிடையாது. நிரூபணத்தின் படிகளில் கோளாறு இல்லை. அது கணித வகுப்பின் முடிவில்லாத எண்களைப் பற்றிய நிரூபணம், ஓடியதோ 32 பிட் எண்களில்.

இதை 1969-லேயே ஒருவர் தெளிவாக எழுதிவைத்துவிட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். டோனி ஹோர், கொழும்பில் பிறந்தவர். நிரல் ஓடுவதற்கு முன் எது உண்மையாக இருக்க வேண்டும், ஓடிய பின் எது உண்மையாக இருக்கும் என்ற இரண்டு கூற்றுகளுக்கு நடுவில் நிரலை வைத்து, அதை ஒரு தேற்றம்போலப் படிக்கும் முறையை அவர் அந்த வருஷம் வெளியிட்டார். (ஆலன் டூரிங் 1949-லும் ராபர்ட் ஃபிளாய்ட் 1967-லும் இந்த வழியில் நடந்தவர்கள்தான்.) அந்தக் கட்டுரையில் ஹோர் முதலில் உட்காருவது கம்ப்யூட்டரின் எண்களிடம்: இங்கே எண்களுக்கு உச்சம் உண்டு, அதைத் தாண்டினால் நின்றுவிடுவதா, உச்சத்திலேயே ஒட்டிக்கொள்வதா, சுற்றி வருவதா என்று மூன்று வகை விதிகளைத் தனித்தனியாகக் கொடுத்து, எது என்று சொல்லிவிட்டு நிறுவுங்கள் என்கிறார். சி மொழியில் குறியில்லாத எண்ணுக்கு மூன்றாவது விதி, குறியுள்ள எண்ணுக்கு எதுவுமே வாக்குறுதி இல்லை. இன்னொரு விஷயம், வெற்றுப் பாயின்டர் என்ற ஏற்பாட்டை 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காகக் கொண்டுவந்தவரும் அவரே. 2009-ல் அதைத் தன் நூறு கோடி டாலர் பிழை என்று மேடையில் சொன்னார்.

ஹோரின் முறை பாயின்டர் என்று வந்ததும் மூச்சுத் திணறியது. இரண்டு பாயின்டர்கள் இருக்கின்றன. முதலாவது காட்டும் இடத்தில் 1 எழுதுகிறோம், இரண்டாவது காட்டும் இடத்தில் 2 எழுதுகிறோம். முதல் இடத்தில் இன்னும் 1 இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு இடங்களாக இருந்தால் மட்டும். பத்துப் பாயின்டர் என்றால் இப்படி 45 ஜோடிகளுக்கு 'வேறு வேறு' என்று எழுதியாக வேண்டும், ஒன்று அடுத்ததைக் காட்டிக்கொண்டே போகும் லிங்க்டு லிஸ்ட் என்றால் எழுதி முடியாது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜான் ரெனால்ட்ஸ், பீட்டர் ஓஹெர்ன் முதலானவர்கள் தர்க்கத்துக்கே ஒரு புது இணைப்புச் சொல்லைச் சேர்த்தார்கள். சாதாரண 'உம்', இரண்டு கூற்றும் உண்மை என்று மட்டும் சொல்லும். இவர்களுடைய நட்சத்திரக் குறி, மெமரியை ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு துண்டாகப் பிரிக்க முடியும், இந்தத் துண்டில் இது உண்மை, அந்தத் துண்டில் அது உண்மை என்கிறது. 45 வரி வேலையை ஒரு குறி செய்துவிடுகிறது, என் துண்டை மட்டும் பார்த்து என் ஃபங்ஷனை நிறுவிவிட்டு, மிச்ச மெமரி எப்படி இருந்தாலும் கவலையில்லை என்று போய்விடலாம். பிரிப்புத் தர்க்கம் என்று இதற்குப் பெயர். என் கணக்கில் பாயின்டர் கண்டுபிடித்ததற்கு அப்புறம் பாயின்டருக்கு நடந்த ஆகப்பெரிய நல்ல காரியம் இதுதான்.

ரஸ்ட் மொழியின் பாரோ செக்கரோடு (யார் எந்த மெமரியைத் தொடலாம் என்று பார்க்கும் கம்பைலர் பகுதி) மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழகிய முகமாகத் தெரியும்: ஓர் இடத்தை ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் எழுதலாம், இரண்டும் சேர்ந்து கூடாது. சி மொழியில் நம் தலைக்குள் மட்டும் இருந்த 'இது என் துண்டு' என்ற கூற்றை ரஸ்ட் டைப்பிலேயே எழுதவைத்து, கம்பைலரைச் சரிபார்க்கவும் வைக்கிறது. கம்பைலரால் முழுசாகச் சரிபார்க்க முடியாத அன்சேஃப் கோட் உள்ளே இருக்கும் நூலகங்களையும் சேர்த்து இந்த ஏற்பாடு நிற்குமா என்பதை, மொழியின் முக்கியமான ஒரு பகுதிக்கு 2018-ல் ரஸ்ட்பெல்ட் குழு கம்ப்யூட்டர் சரிபார்த்த நிரூபணமாகக் கொடுத்தது. அவர்கள் கையில் இருந்த கருவி பிரிப்புத் தர்க்கமேதான்.

சி மொழியில் இருந்துகொண்டே முழுசாக நிறுவவும் முடியும், விலைதான் அதிகம். 2009-ல் ஆஸ்திரேலியாவில் எஸ்இஎல்4 என்ற சிறிய கெர்னலை நிறுவினார்கள்: சுமார் 8,700 வரி சி, அதற்கு இரண்டு லட்சம் வரி அளவுக்கு நிரூபணம். முதல் வெளியீட்டிலேயே அவர்கள் நம்பி எடுத்துக்கொண்டவற்றைச் சொல்லியிருந்தார்கள்: கம்பைலர் சரி, கொஞ்சூண்டு அசெம்பிளி சரி, பூட் ஆகும் பகுதி சரி, ஹார்டுவேர் சரி. கம்பைலரைப் பிற்பாடு பட்டியலிலிருந்து எடுத்தார்கள், வெளியே வந்த பைனரியையே மூல நிரலோடு ஒப்பிட்டு நிறுவி. ஹார்டுவேர் மிச்சம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டை வெளியானபோது அந்த நிரூபணத்தில் ஒரு வரியும் பொய்யாகவில்லை; எந்த நிரல் கேஷில் (பிராசஸரின் அருகாமை மெமரியில்) எதைத் தொட்டது என்பதை நேரம் அளந்து ஊகிக்கலாம் என்பதைப் பற்றி அது பேசவே இல்லை, பேசுவதற்குப் பிராசஸரின் இன்ஸ்ட்ரக்‌ஷன் பட்டியலில் நேரம் பற்றிய வாக்குறுதியே கிடையாது. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அந்தத் தடயங்களை மொத்தமாகத் துடைக்க ஒரு புது இன்ஸ்ட்ரக்‌ஷனை ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்புப் பிராசஸரில் சேர்த்து முயன்று பார்த்திருக்கிறார்கள். அது தரநிலைக்குள் வந்தால் நேரத்தையும் நிரூபணத்துக்குள் கொண்டுவரலாம்.