'நெகட்டிவ்' ஆக்கும் லேகியம் எதுவும் இல்லை

வளைகுடா வேலைக்கான மெடிக்கல், ரத்த தானம், முதல் கர்ப்பகாலப் பரிசோதனை. கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று பலருக்கும் தெரியவருவது இப்படித்தான். உடம்பில் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. உடனே 'மூன்றே மாதத்தில் நெகட்டிவ்' என்று விளம்பரம் செய்பவரைத் தேடிப் போகிறார்கள். ஏற்கெனவே வைரஸை அமுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுபவர் அதையும் நிறுத்திவிட்டுப் போகிறார். சில மாதம் கழித்துக் கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, பேச்சுக் குழறி ஆம்புலன்ஸில் வருகிறார். கூடவே ஒரு டப்பா வரும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அதில் ஒரு எழுத்து இருக்காது.

"எங்க மாமாவுக்குக் கீழாநெல்லியிலதானே டாக்டர் காமாலை இறங்குச்சு?" இறங்கியிருக்கும். அவருக்கு வந்தது அநேகமாக ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. கெட்ட தண்ணீரால் வருவது, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். கீழாநெல்லி குடித்தாலும் இறங்கும், வெறும் மோர் குடித்தாலும் இறங்கும். பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் காமாலை வரும், குடியாலும் வரும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யில் பல வருடம் கண் மஞ்சளாவதே இல்லை. பிறகு எதை இறக்கப் போகிறார்கள்?

கீழாநெல்லியைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் ஒதுக்கவில்லை. 1988-இல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் நம்பிக்கையான முடிவோடு வந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

எங்கள் மாத்திரையும் 'நெகட்டிவ்' ஆக்குவதற்காகத் தரப்படுவதல்ல. ஹெபடைடிஸ் சி-க்கு சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மாத்திரைகளை 12 வாரக் கோர்ஸாக முடித்தால் பெரும்பாலானோருக்கு முழுக் குணம். பி அப்படியில்லை, வைரஸ் கல்லீரல் செல்லின் கருவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மாத்திரை அது பெருகாமல் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். நிறுத்தினால் சீறிக் கிளம்பும். ஏற்கெனவே சுருங்கிய கல்லீரல் அதைத் தாங்காது.

எல்லோருக்கும் மாத்திரை வேண்டியதில்லை. எச்பிவி டிஎன்ஏ (ரத்தத்தில் வைரஸ் அளவு), எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்), ஸ்கேன் பார்த்துத்தான் முடிவெடுப்போம். 'இப்போதைக்கு வேண்டாம்' என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று அர்த்தம். டெனோஃபோவிர் 300 மி.கி. எடுப்பவர்கள் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்டும் பார்க்க வேண்டும். இன்னொரு மாத்திரையான என்டகாவிர் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு. சிர்ரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் கட்டாயம்; புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வேறு வழியில்லை. ஸ்டீராய்டு, கீமோ தொடங்கும் முன் அந்த டாக்டரிடம் ஹெபடைடிஸ் பி இருப்பதைச் சொல்லுங்கள். குடி கூடவே கூடாது.

கர்ப்பிணிகள் தயவுசெய்து மறைக்காதீர்கள். வைரஸ் அளவு ஒரு மி.லி. ரத்தத்தில் 2,00,000 ஐயு-வைத் (சர்வதேச அலகு) தாண்டினால் 28-ஆவது வாரம் வாக்கில் டெனோஃபோவிர் தொடங்குவோம். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை எதிர்ப்புச் சக்தி ஊசி). பிறகு 6, 10, 14-ஆவது வாரத் தடுப்பூசிகள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் டெஸ்ட் எடுங்கள். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாத பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி, கையில். இடுப்பில் போட்டால் பலன் குறையும். ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ் தனியாக இருக்கட்டும். தட்டு டம்ளரை எதற்கு ஒதுக்குகிறீர்கள்? சாப்பாட்டில் இது பரவாது.

காசில்லை என்று நிறுத்தாதீர்கள். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். கடைசி மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் அடுத்ததை வாங்கிவிடுங்கள்.