டாஸ் லேப்டாப்பில் கேம் ஓடுமா? இயங்குதளம் தாண்டும் விளையாட்டுகளும் வேலூர் வெயிலும்

ஜூன் மாதத்தில் கல்லூரிச் சேர்க்கை சூடுபிடிக்கும்போது, வேலூரிலும் காட்பாடியிலும் மடிக்கணினி வாங்க வரும் மாணவர்களிடமிருந்து தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. விண்டோஸ் இல்லாத ‘டாஸ் லேப்டாப்’ விலை குறைவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கி, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் கேம் ஓடுமா என்பதே அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பெரிய விளையாட்டுகளைப் பொறுத்தவரை, ‘ஓடாது’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். இன்று பெரும்பாலானவை ஓடுகின்றன. சில எவ்வளவு முயன்றாலும் ஓடுவதில்லை. ஒரு விளையாட்டு கோப்பாக இருக்கும் நிலையிலிருந்து திரையில் காட்சியாக விரியும் வரை எந்தெந்த இடங்களில் இயங்குதளத்தின் கையை எதிர்பார்க்கிறது என்பதில்தான் இந்த வேறுபாட்டின் காரணம் இருக்கிறது. மடிக்கணினியில் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதற்கான விடையும் அங்கேயே இருக்கிறது.

விளையாட்டின் வேலையில் பெரும்பகுதி இயங்குதளத்தைக் கேட்காமலேயே நடக்கிறது. எதிரி எந்தப் பக்கம் நகர்வது, பந்து எந்தக் கோணத்தில் எகிறுவது, சுவரில் மோதிய வண்டி எவ்வளவு வேகத்தை இழப்பது போன்ற கணக்குகள் அனைத்தும் கணினியின் மையச் செயலியான சிபியு நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளாகவே கோப்பில் எழுதப்பட்டுள்ளன. இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களின் சிபியுக்களும் ஒரே எக்ஸ்86 கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுகின்றன. அதன் மேல் விண்டோஸ் இருக்கிறதா, லினக்ஸ் இருக்கிறதா என்பதால் ஒரு கூட்டல் கணக்கின் விடையோ வேகமோ மாறப்போவதில்லை. முதலில் மாறுவது கோப்பின் உறைதான். விண்டோஸ் நிரல்கோப்பு எதைத் திறந்து பார்த்தாலும் அதன் முதல் இரண்டு பைட்டுகள் ‘எம்’, ‘இசட்’ என்ற ஆங்கில எழுத்துகளாக இருக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் இந்த அமைப்பை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. லினக்ஸ் கோப்புகளோ ‘இஎல்எஃப்’ என்ற வேறொரு அடையாளத்துடன் தொடங்குகின்றன. இந்த உறையைப் பிரித்து உள்ளே இருப்பதை நினைவகத்தில் ஏற்றுவது பெரிய காரியமில்லை.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. விளையாட்டு ஒரு கோப்பைத் திறக்க வேண்டும், ஒலி எழுப்ப வேண்டும், விசைப்பலகையில் அழுத்தப்பட்ட விசையை அறிய வேண்டும், கிராபிக்ஸ் கார்டிடம் படம் வரையச் சொல்ல வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் அது விண்டோஸ் தரும் டிஎல்எல் என்ற பொது நிரல்கோப்புகளில் உள்ள செயல்கூறுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறது. லினக்ஸில் அந்தப் பெயர்கள் இல்லாததால் விளையாட்டு முதல் அடியிலேயே நின்றுவிடும். 1993இல் தொடங்கிய ‘வைன்’ என்ற திட்டம் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பயன்படுத்தாமல், அதே பெயர்களும் அதே நடத்தையும் கொண்ட செயல்கூறுகளைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதினார்கள். அதன் 1.0 பதிப்பு வெளிவர 2008 வரை, பதினைந்து ஆண்டுகள் ஆயின என்பதிலிருந்தே அந்த வேலையின் அளவு விளங்கும். ஆற்காடு நவாபின் காலத்தில் கும்பினிக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவே நின்ற மொழிபெயர்ப்பாளரான துபாஷியைப் போல, வைன் பேச்சு நடக்கும் இடத்தில் மட்டுமே குறுக்கிடுகிறது. மற்ற நேரங்களில் விளையாட்டும் சிபியுவும் நேருக்கு நேர் வேலை செய்கின்றன. ஒரு முழுக் கணினியையே பாவனை செய்யும் எமுலேட்டரைவிட இது பல மடங்கு வேகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஓர் அழைப்பை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். விளையாட்டு, நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக ‘சி’ டிரைவில் உள்ள ஒரு சேமிப்புக் கோப்பைக் கேட்கிறது. லினக்ஸில் ‘சி’ டிரைவ் என்று எதுவும் கிடையாது. வைன் பயனரின் கோப்புறைக்குள் சாதாரணக் கோப்புறை ஒன்றை அமைத்து, ‘சி’ என்ற பெயரை அதற்குக் குறுக்கு இணைப்பாக வைத்திருக்கும். கேட்கப்பட்ட முகவரியில் உள்ள பின்சாய்வுக் கோடுகளை அது முன்சாய்வுக் கோடுகளாக மாற்றுகிறது. அடுத்து, விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கோப்புப் பெயரில் ஒன்றாகவே கருதும். லினக்ஸ் அவற்றை வெவ்வேறாகப் பார்க்கும். ஆகவே நேர்ப்பெயரில் கோப்பு கிடைக்காவிட்டால் அந்தக் கோப்புறையில் உள்ள பெயர்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துவதைத் திறந்து தருகிறது. இத்தனையும் முடிந்ததை விளையாட்டு உணர்வதேயில்லை.

கோப்புகளைவிடப் பல மடங்கு கடினமானது படம் வரைவது. விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை 1995இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய டைரக்ட்எக்ஸ் தொகுப்பின் வழியாகத்தான் கிராபிக்ஸ் கார்டிடம் பேசுகின்றன. வைன் தொடக்கத்தில் அந்த அழைப்புகளை ஓபன்ஜிஎல் என்ற பழைய வரைகலை முறைக்கு மாற்றிக் கொடுத்தது. இரண்டின் அடிப்படை எண்ணங்களும் வேறாக இருந்ததால் வேகம் பெரிதும் குறைந்தது. 2016 பிப்ரவரியில் வல்கன் என்ற புதிய வரைகலை முறை வந்தபோது நிலைமை மாறியது. கார்டின் நினைவகத்தையும் கட்டளை வரிசைகளையும் நிரலாளரே நேரடியாகக் கையாள வல்கன் இடம் தருவதால், டைரக்ட்எக்ஸின் நடத்தையை அதன் மேல் கிட்டத்தட்ட இழப்பின்றிக் கட்டியெழுப்ப முடிந்தது. ‘டிஎக்ஸ்விகே’ என்ற மொழிமாற்றி அதைத்தான் செய்கிறது. வால்வ் நிறுவனம் அதையும் வைனையும் சேர்த்து ‘புரோட்டான்’ என்ற பெயரில் 2018 ஆகஸ்டில், விளையாட்டுகளை விற்கும் தன் ஸ்டீம் செயலிக்குள்ளேயே வைத்தது. 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி லினக்ஸில் இயங்கிக்கொண்டே விண்டோஸ் விளையாட்டுகளை ஆட வைப்பது இந்த அடுக்கின் பலத்தில்தான்.

நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், திரையில் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. அதற்குள் ஆயிரக்கணக்கான வரைதல் கட்டளைகள் மொழிமாற்றப்பட வேண்டும். கட்டளைகள் தொல்லை தருவதில்லை. தொல்லை ஷேடர்களால் வருகிறது. நிழல், நீரின் பளபளப்பு, புகை ஆகியவற்றைக் கணக்கிடும் இந்தச் சிறு நிரல்கள் டைரக்ட்எக்ஸ் வடிவத்தில் வருகின்றன. அவற்றை வல்கன் வடிவத்துக்கும், பிறகு அந்தக் கார்டின் சொந்த மொழிக்கும் மாற்ற வேண்டும். புதிய காட்சி ஒன்றில் முதன்முறையாக ஒரு ஷேடர் தேவைப்படும்போது திரை ஒரு கணம் திக்கித் திணறுவது இதனால்தான். ஸ்டீம், பிற பயனர்களின் கணினிகளில் ஏற்கெனவே திரட்டப்பட்ட ஷேடர்களை ஆட்டம் தொடங்குமுன் இறக்கித் தயார்செய்து இந்தத் திணறலைக் குறைக்கிறது. தொடங்கும்போது வரும் அந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டு ஓடும் மாணவர்கள் பின்னர் ஆட்டத்தின் நடுவில் அதற்கான விலையைத் தருகிறார்கள்.

எனில் எங்கே இது தோற்கிறது? மோசடித் தடுப்பு மென்பொருளிடம்தான். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் சில விளையாட்டுகள், ஏமாற்றுபவரைப் பிடிப்பதற்காக விண்டோஸின் உள்மையமான கெர்னலுக்குள்ளேயே டிரைவர் என்ற இயக்கு நிரல் ஒன்றை நிறுவுகின்றன. வைன் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக வேலை செய்வது. ஆகவே அந்த டிரைவருக்கு வேண்டிய விண்டோஸ் கெர்னலை வைனால் தர முடியாது. வேலொரன்ட் விளையாட்டின் ‘வேன்கார்ட்’ இதற்கு நல்ல உதாரணம். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய வேறு இரண்டு மோசடித் தடுப்பு மென்பொருள்களும் 2021 முதல் புரோட்டானுக்கு இடம் தருகின்றன என்றாலும், அதை அனுமதிப்பதா என்ற முடிவு விளையாட்டைத் தயாரித்தவர் கையில் இருக்கிறது. ஆகவே நண்பர்களோடு சேர்ந்து போட்டி விளையாட்டு ஆடுவதே முதல் நோக்கம் என்றால், விண்டோஸ் உள்ள கணினியை வாங்குவதே சரி என்று நான் தயங்காமல் சொல்வேன். தனியாக ஆடும் கதை விளையாட்டுகளே விருப்பம் என்றால் லினக்ஸ் போதும்.

மேக்புக்கின் கதை வேறு. 2020இல் எம்1 சிப்புடன் ஆப்பிள் எக்ஸ்86 கட்டளைத் தொகுப்பை விட்டு ஆர்ம் தொகுப்புக்கு மாறிவிட்டதால், அங்கே கூட்டல் கணக்கையே மொழிமாற்ற வேண்டியிருக்கிறது. ஆப்பிளின் ரொசெட்டா 2 என்ற மென்பொருள் சிபியு கட்டளைகளை மாற்றுகிறது. வைன் வழிவந்த அடுக்கு ஒன்று விண்டோஸ் அழைப்புகளை மாற்றுகிறது. மூன்றாவது அடுக்கு டைரக்ட்எக்ஸை ஆப்பிளின் மெட்டல் முறைக்கு மாற்றுகிறது. 2023இல் ஆப்பிள் வெளியிட்ட விளையாட்டு மாற்றுக் கருவித்தொகுப்பு இந்த வழியில்தான் வேலை செய்கிறது. ரொசெட்டாவின் பொதுப் பயன்பாடு மேக்ஓஎஸ் 27 வரையே தொடரும் என்று 2025இல் ஆப்பிள் அறிவித்திருக்கிறது. படிப்புக்கும் வீடியோ வேலைக்கும் அருமையான கணினிதான். ஆனால் விளையாட்டுக்கென்று மேக்புக் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது கடைக்கு வருவோம். ‘இதுல 4060 இருக்கு தம்பி, எந்த கேமா இருந்தாலும் ஓடும்’ என்று சொல்லப்படும்போது, ‘எத்தனை வாட் அண்ணா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். மடிக்கணினிகளில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 35 முதல் 115 வாட் வரை மின்சக்தி தரலாம் என்று என்விடியா இடம் விட்டிருக்கிறது. ஒரே பெயர் கொண்ட கார்டு மெல்லிய உடலில் ஒரு வேகத்திலும், தடித்த உடலில் வேறு வேகத்திலும் ஓடும். பெட்டியின் மேல் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேட வேண்டும்.

வாட் கணக்கு வேலூரில் இன்னும் முக்கியமாவதற்குக் காரணம் நம் கத்திரி வெயில். சிபியு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியும் செம்புக் குழாய்களும் வெளியேற்றும் வெப்பம், சிப்புக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும். குளிரூட்டிய அறையில் காற்று 25 டிகிரி என்றால் வேறுபாடு 75. மே மாதம் சத்துவாச்சாரியில் மாடி அறை ஒன்றில் காற்று 40 டிகிரி என்றால் வேறுபாடு 60. அதாவது, முதல் அறையில் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றிய அதே குளிரூட்டும் அமைப்பு இரண்டாவது அறையில் 80 வாட்டைத்தான் வெளியேற்றும். இணைய விமர்சனங்களில் காணும் ஃபிரேம் எண்ணிக்கைகள் பெரும்பாலும் குளிர்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. ஆகவே வட ஆற்காட்டில் விளையாட்டுக்கு வாங்குபவர் மெல்லிய உடலின் அழகைவிட, அடியிலும் பின்புறமும் அகலமான காற்றுவழிகள் உள்ள, கொஞ்சம் கனமான கணினியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்க இயலாதவர்கள் ரேமைக் கவனிக்க வேண்டும். சிபியுவோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை. அது ரேமையே பயன்படுத்துகிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவுதான் போகும். இரண்டு குச்சிகள் இருந்தால் 51.2 ஜிபி. 8 ஜிபி ஒன்று செருகி விற்கப்படும் கணினியில் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பது, இத்தகைய கணினிகளுக்குச் செய்யக்கூடிய மிக மலிவான மேம்பாடு. காலி ரேம் இடம் இருக்கிறதா என்று வாங்குமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில மாதிரிகளில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்.

டாஸ் லேப்டாப் வாங்கி லினக்ஸ் போடுவதாக இருந்தால் ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸ் தொல்லை குறைவானது. அவற்றின் டிரைவர்கள் திறமூலமாக லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. என்விடியாவுக்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும்; நன்றாகவே ஓடும், ஆனால் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது சில நேரம் கவனிப்பு கேட்கும். எந்தக் கணினியானாலும், கடையில் சார்ஜரைச் செருகிய நிலையில் அரை மணி நேரமாவது ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். முதல் ஐந்து நிமிட வேகம், உடல் இன்னும் சூடாகாத நிலையின் வேகம். இருபதாவது நிமிடத்தில் ஃபிரேம் எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே காட்சியை மீண்டும் ஓட்டினால், பேட்டரியால் முழு வாட்டையும் தர முடியாததால் வேகம் எவ்வளவு சரிகிறது என்பதும் தெரிந்துவிடும்.