ஓடுது, ஆனா இழுக்குதில்லை: வக்கியூம் கிளீனர் வாங்கப் போகிறவர்களுக்கு

சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் என் வேலைமேசையில் வக்கியூம் கிளீனர்கள் சேரத் தொடங்கிவிடும். கிளிநொச்சியில் வீட்டு மின்சாதனங்கள் திருத்துகிறவன் நான். வைகாசி தொடக்கம் ஆவணி வரை மெசினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒரே வசனம்தான்: "தம்பி, ஓடுது. ஆனா இழுக்குதில்லை."

போன சோளகத்தில் தருமபுரம் பக்கமிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த மெசினைத் திறந்தேன். பில்டர் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் மாதிரி ஒரு கட்டி இருந்தது. அது பஞ்சு பில்டர்தான். வீட்டுக்கு முன்னால் போகிற கிரவல் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் ஏறி இறுகிவிட்டது. மோட்டருக்கு ஒரு பிழையும் இல்லை. பில்டரைக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்துப் பூட்டிக் கொடுத்தேன், பழையபடி இழுத்தது. வாங்கி எட்டு மாதம். உள்ளே பில்டர் என்று ஒன்று இருப்பதைக் கடையில் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் நேரத்துக்கு வந்ததால் தப்பினார். இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் மோட்டர் கருகியிருக்கும்.

ஏன் கருகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது. விலை குறைந்த மெசின்களில் தூசியை இழுக்கிற அதே காற்றுத்தான் பில்டரைத் தாண்டி மோட்டருக்குள்ளால் போய் அதைக் குளிரவைக்கிறது. மோட்டர் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பில்டர் அடைத்தால் காற்று குறையும், சூடு வெளியேற வழியிருக்காது. அப்போது சத்தமும் மாறும். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் மோட்டர் இன்னும் வேகமாகச் சுற்றி, கீச்சென்று கூவும். "மெசின் நல்ல வேகமாத்தான் ஓடுது" என்று பலர் நினைப்பது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். நல்ல மெசினில் சூடு ஏறினால் தானாக நிற்கிற ஒரு பாதுகாப்பு இருக்கும். அப்படி நின்றால் பழுதென்று பயப்படாமல் பில்டரைத் துப்புரவாக்கி, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டுப் போட்டுப் பாருங்கள். மிக மலிவானவற்றில் சிலதில் அந்தப் பாதுகாப்பே இருக்காது.

கடையில் முதலில் காட்டுவது பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்ஸ் கணக்கை. 2000 வாட்ஸ் என்றால் நன்றாக இழுக்கும் என்று நினைக்கிறோம். வாட்ஸ் என்பது மெசின் எடுக்கும் கரண்ட். அதில் எவ்வளவு இழுவையாக மாறுகிறது என்பது விசிறியும் குழாயும் பில்டரும் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டெம்பரில் 1600 வாட்ஸ் என்று எல்லை வைத்தது, 2017 செப்டெம்பரில் அதை 900 வாட்ஸுக்கு இறக்கியது. அங்குள்ள வீடுகள் அதற்குப் பிறகும் துப்புரவாகத்தான் இருக்கின்றன. நம் பக்கத்து வீட்டுத்திட்ட வீடு பெரும்பாலும் 550 சதுர அடி. அதற்கு 600 வாட்ஸ் மெசின் தாராளம். இருபது நிமிடம் ஓடினால் 0.2 யூனிட்தான் போகும்.

அப்ரைட் என்று கடையில் சொல்கிற, நின்றபடி கைபிடியைப் பிடித்துத் தள்ளுகிற வகை கம்பளத்துக்காகப் பிறந்தது. 1907இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கான்ரன் நகரக் கடையொன்றில் துப்புரவு வேலை செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் அதை உருவாக்கினார். கம்பளத் தூசியால் அவருக்கு முட்டு வருத்தம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு விசிறி மோட்டர், தும்புத்தடிப் பிடி, தூசி சேர்க்க ஒரு தலையணை உறை. முதல் மெசினை இப்படியான சாமான்களைக் கொண்டுதான் செய்தார். அடுத்த வருடம் காப்புரிமையும் கிடைத்தது. கம்பளத்தின் மயிருக்குள் இருக்கிற தூசியைத் தட்டி எழுப்பத்தான் தலைப்பகுதியில் சுற்றுகிற பிரஷ் வைத்தார்கள். நம் வீடுகளில் இருப்பது சீமெந்துத் தரையும் மாபிளும். அதன் மேல் கடினமான பிரஷ் சுற்றினால் மணலை உள்ளே எடுக்காமல் நாலு பக்கமும் வீசும், மாபிளிலும் கீறல் விழும். ஆகவே வாங்கும்போது தலையைத் திருப்பிப் பாருங்கள். பிரஷைத் தனியாக நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும், அல்லது மெத்தென்ற பிரஷாக இருக்க வேண்டும். சில்லுகளும் ரப்பராக இருந்தால் நல்லது. பிரஷில் தலைமயிர் சுற்றினால் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். எடுக்காவிட்டால் பெல்ட் வழுக்கி ரப்பர் எரிகிற மணம் வரும். சாணம் மெழுகிய தரைக்கு இந்த மெசின் சரிவராது, மெழுகலையே பெயர்த்து எடுத்துவிடும்.

சரி, பில்டருக்கு வருவோம். நான் இவ்வளவு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் செம்மண் புழுதி மாவைப் போல நுண்ணியது. அறுவடை நேரம் வெட்டு மெசின் ஓடுகிற வயலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் நெற்சுணையும் சேரும். மோசமான பில்டர் பெரிய தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நெஞ்சுக்குள் போகக்கூடிய நுண்ணிய தூசியைப் பின்பக்கத்தால் ஊதிவிடும். தரை பளிச்சென்று இருக்கும், வீட்டுக் காற்று கெட்டுப்போகும். பரந்தன் பக்கம் ஒரு வீட்டில், மகனுக்கு இழுப்பு என்பதற்காகவே கடன்பட்டு மெசின் வாங்கினார்கள். மெசின் ஓடுகிற நாளில்தான் பிள்ளைக்கு இருமல் கூடுதலாக வந்தது. நான் போய் இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, காற்று வெளியேறுகிற துவாரத்துக்குக் குறுக்கே டோர்ச் அடித்துக் காட்டினேன். வெளிச்சத்துக்குள் தூசி புகை மாதிரிப் பறந்தது. தாய் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைக்கு நல்லதென்று செய்த செலவு அது. பில்டரைச் சுற்றி ரப்பர் சீல் என்று ஒன்றே அந்த மெசினில் இருக்கவில்லை.

இந்த டோர்ச் சோதனையை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். கடையில் செய்ய முடியாது, ஆனால் பில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கழற்றவே சிரமப்படுகிற மெசினை வீட்டில் யாரும் துப்புரவாக்கப் போவதில்லை. ஒன்றுக்குப் பதில் இரண்டு கட்டம் இருக்க வேண்டும்: மோட்டருக்கு முன்னால் ஒரு பஞ்சு பில்டர், காற்று வெளியேறும் இடத்தில் ஹெப்பா (HEPA) என்கிற, மிக நுண்ணிய தூசியைப் பிடிக்கிற பில்டர். ஹெப்பா என்ற சொல்லைப் பெட்டியில் யாரும் அச்சடிக்கலாம். எச்13 போலத் தரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரம் உண்மையென்றால், பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 வீதத்தைப் பிடிக்கும். பிறகு விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், ரப்பர் சுற்றிவர இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காற்று பில்டருக்குள் போகாமல் பக்கத்தால் போய்விடும்.

வீட்டில் முட்டு வருத்தக்காரர் இருந்தால் மெசின் ஓடும்போதும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும் அவர் அந்த அறையில் இருக்க வேண்டாம். தூசிப் பெட்டியை வெளியே, காற்று வருகிற பக்கத்துக்கு முதுகு காட்டி நின்று, வாயை மூக்கைக் கட்டிக்கொண்டு கொட்டுங்கள். மெத்தையையும் தலையணையையும் மெசினால் இழுப்பது உண்மையிலேயே பிரயோசனம், ஏனென்றால் தும்புத்தடியால் அதைச் செய்ய முடியாது. விறாந்தை மணலுக்குத் தும்புத்தடியே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வன்னியில் இது அடிக்கடி நடக்கிறது. கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வருகிற உறவினர் அன்போடு ஒரு நல்ல மெசின் கொண்டுவருவார். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மாற்றிப் போட்டதும் சில நொடிகளில் புகை வரும். அப்படி வந்த மோட்டரை நான் ஒருநாளும் மீட்டதில்லை. 1200 வாட்ஸ் மெசினுக்கு ஏற்ற டிரான்ஸ்போமர் வாங்கலாம், ஆனால் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் திரிய முடியாது. லண்டன், பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியாவில் இருந்து வருவது பிரச்சினையில்லை, தேவையென்றால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். எதுவானாலும் அடியில் ஒட்டியிருக்கிற தகட்டில் வோல்ட்டைப் படித்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள். கனடாச் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அண்ணை, மெசின் வேண்டாம் என்று.

அப்புறம், நீண்ட எக்ஸ்டென்சன் வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சுருள் சூடாகும். உலர் தூசிக்கான மெசினில் தண்ணீரை இழுக்கக் கூடாது, ஆளுக்கே ஆபத்து. அடுப்புச் சாம்பல், சீமெந்துத் தூள், சாமியறை விபூதி மூன்றும் பில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும். சாம்பலில் தணல் இருந்தால் தீயும் பிடிக்கும்.

சோளக காலத்தில் கிழமைக்கு ஒரு முறை பஞ்சு பில்டரைக் கழுவுங்கள். சவர்க்காரம் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவிப் பிழிந்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு பூட்டினால் புழுதி சேறாகி ஒட்டும். அதனால் இரண்டு பில்டர் வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. பஞ்சு பில்டர் கிடைக்காவிட்டால் என்னைப் போன்ற ஒருவரிடம் அளவெடுத்து வெட்டுவிக்கலாம். ஹெப்பாவை அப்படி வெட்டிச் செய்ய முடியாது, பெரும்பாலானவற்றைக் கழுவவும் கூடாது. அந்த மொடலுக்கு உரியது கடையில் தனியாக இருக்கிறதா என்று காசு கொடுக்க முதலே கேளுங்கள், இருந்தால் மெசினோடு சேர்த்து ஒன்றை எடுத்துவிடுங்கள்.